கேடெட் பயிற்றுநர், ரிசர்வ் படையின் பயிற்சி வகுப்புக்குச் செல்ல வேண்டுமா? கனடாவில் பணிபுரிவோருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கான கடல், தரை, வான் கேடெட் பிரிவுகளில் புதிதாக அதிகாரியாகச் சேர்பவர்கள், முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "நானும் ரிசர்வ் படையின் அதிகாரிதானே? அப்படியானால் ரிசர்வ் படைவீரர்கள் செல்லும் பயிற்சி வகுப்புகளுக்கு நானும் ஏன் செல்லக்கூடாது?" (ரிசர்வ் என்பது கனடிய ஆயுதப் படைகளில் பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணிபுரிவோரைக் கொண்ட படை.) இது நியாயமான கேள்வி. என்னுடைய சுருக்கமான விடை இது: செல்லலாம், சில வகுப்புகளுக்குச் செல்வது மிக நல்லது. ஆனால் அந்த வகுப்பை முடித்துத் திரும்பியபின் உங்கள் பிரிவிலுள்ள 12 வயதுப் பிள்ளைக்கோ 17 வயது மூத்த கேடெட்டுக்கோ எது மேம்படும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால் மட்டுமே விண்ணப்பியுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், அந்த வார இறுதிகளை உங்கள் பிரிவுக்கே கொடுத்துவிடுவது மேல்.

இந்த விடைக்கு எப்படி வந்து சேர்வது, அனுமதி கேட்பது எப்படி, வகுப்பில் எப்படி நடந்துகொள்வது, திரும்பிவந்தபின் என்ன செய்வது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

நீங்கள் நிற்கும் இடம் எது?

கனடிய ஆயுதப் படைகளின் ரிசர்வ் படை நான்கு உட்பிரிவுகளைக் கொண்டது. வார நாள் மாலைகளிலும் வார இறுதிகளிலும் பயிற்சி பெற்று, தேவைப்பட்டால் களப்பணிக்குச் செல்லும் முதன்மை ரிசர்வ் ஒன்று. முன்னாள் படையினரை உள்ளடக்கிய துணை ரிசர்வ் இரண்டாவது. வடக்கிலும் தொலைதூரக் கரையோரங்களிலும் பணிபுரியும் கனடிய ரேஞ்சர்கள் மூன்றாவது. கேடெட் அமைப்புகளின் நிர்வாகத்துக்கும் பயிற்சிக்குமான சேவை நான்காவது. சி.ஐ.சி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கேடெட் பயிற்றுநர் அதிகாரிகள் இந்த நான்காவது உட்பிரிவைச் சேர்ந்தவர்கள். இவர்களுக்கு ஆணை அதிகாரம் பெற்ற அதிகாரி என்ற தகுதி உண்டு. பதவிநிலை, சீருடை, சம்பளம் அனைத்தும் உண்டு. படையின் ஒழுங்கு விதிகளும் இவர்களுக்குப் பொருந்தும்.

ஆனாலும் முக்கியமான வேறுபாடுகள் உள்ளன. எந்த நேரத்திலும் களப்பணிக்கு அனுப்பப்படக்கூடிய உடல்தகுதியோடு இருக்க வேண்டும் என்ற பொது நிபந்தனை சி.ஐ.சி. அதிகாரிகளுக்குப் பொருந்தாது. படையின் ஏனைய பெரும்பாலோருக்கு ஓய்வு வயது 60, சி.ஐ.சி. அதிகாரிகளுக்கு 65. இவ்வேறுபாடுகளுக்கு ஒரே காரணம்தான் உண்டு. இந்த அதிகாரிகளின் வேலை 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை வழிநடத்துவது. அந்தப் பிள்ளைகளோ சீருடை அணிந்தாலும் படையின் உறுப்பினர்கள் அல்லர். சட்டப்படி அவர்கள் பொதுமக்கள். நல்ல குடிமக்களாகவும் தலைமைப் பண்புள்ளவர்களாகவும் வளர்த்தல், உடல்நலத்தை ஊக்குவித்தல், படைகளின் கடல், தரை, வான் பணிகளில் ஆர்வத்தைத் தூண்டுதல் ஆகிய மூன்றுமே கேடெட் திட்டத்தின் நோக்கங்கள். படைக்கு ஆள் தயாரிப்பது இவற்றில் இல்லை.

இந்தியாவின் தேசிய மாணவர் படையில் இருந்துவிட்டு இங்கே குடியேறியவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே துணை அதிகாரியாக இருப்பவர் கல்லூரி அல்லது பள்ளி ஆசிரியர். ஆண்கள் நாக்பூருக்கு அருகிலுள்ள காம்ப்டியிலும் பெண்கள் குவாலியரிலும் மாணவர் படைக்கென்றே உள்ள பயிற்சிக் கழகங்களில் பயிற்சி பெறுகிறார்கள். கனடாவில் ஆசிரியராக இருக்க வேண்டிய தேவையில்லை. கணக்காளர், தாதி, பேருந்து ஓட்டுநர் என எவரும் இப்பணிக்கு வரலாம். ஆகவே இங்கு வருபவர்களிடம் கற்பித்தல் அனுபவமோ வெளிக்கள அனுபவமோ முன்கூட்டியே இருக்கும் என்று கொள்ள முடியாது. ரிசர்வ் படையின் வகுப்புகள் மீது பலருக்கு நாட்டம் எழுவதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம்.

முதலில் உங்கள் பிரிவின் குறையை எழுதுங்கள்

வகுப்புகளின் பட்டியலைக் கையில் எடுத்துவிட்டு எது சுவையாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முறை. அதைத் தலைகீழாக்குங்கள். கடந்த பயிற்சி ஆண்டில், அதாவது செப்டெம்பரிலிருந்து ஜூன் வரை, உங்கள் பிரிவு செய்ய நினைத்தும் செய்ய முடியாமல் போனவை எவை என்று எழுதுங்கள். குளிர்கால முகாம் நடத்தத் தகுதியானவர் இல்லாததால் அது தள்ளிப்போனதா? காற்றுத் துப்பாக்கிச் சுடுதளத்தை மேற்பார்வையிட ஒருவரே இருந்து, அவர் வராத நாளில் வகுப்பு இரத்தானதா? வரைபடமும் திசைகாட்டியும் கற்பிக்கும் பாடம் ஆண்டுதோறும் கரும்பலகையோடு முடிந்துவிடுகிறதா? உடை, உபகரணக் கணக்கு குழப்பமாக இருக்கிறதா? இந்தப் பட்டியல்தான் உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை என்பதைச் சொல்லும்.

அடுத்ததாக, அந்தக் குறையைக் கேடெட் அமைப்பின் சொந்தப் பயிற்சியே தீர்க்குமா என்று பாருங்கள். சி.ஐ.சி. அதிகாரிகளுக்கென அடிப்படை அதிகாரிப் பயிற்சியும், அதைத் தொடர்ந்து கடல், தரை, வான் பிரிவுகளுக்கேற்ற தொழிற்பயிற்சியும், அதற்குமேல் சிறப்புத் தகுதிகளும் உள்ளன. பாய்மரப் படகு, கிளைடர், காட்டுப் பயணம், சுடுதளப் பாதுகாப்பு என்று சிறுவர்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்ட பாடங்கள் அவை. இவற்றை முடிக்காமல் ரிசர்வ் படையின் வகுப்புக்கு ஓடுவது முறையன்று. உங்கள் கட்டளை அதிகாரி அத்தகைய விண்ணப்பத்தை மறுத்தால், அவர் சரியாகவே செய்கிறார்.

அதன்பின்னும் குறை தீரவில்லை என்றால் மட்டுமே ரிசர்வ் படையின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

எந்த வகுப்பு எதற்கு உதவும்?

நேரடியாகப் பயன்படும் வகுப்புகள் சில உள்ளன. முதலுதவி, குளிர்காலத்தில் வெளியில் தங்கி உயிர் காத்தல், வரைபட வாசிப்பு, வாகனம் ஓட்டும் தகுதி, வானொலித் தொடர்பு, உபகரணக் கிடங்கு நிர்வாகம், நிதிக் கணக்கு ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. ஒன்ராறியோவின் ஜனவரியில் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு கூடாரத்தில் இரவு தங்க வேண்டியிருக்கும் அதிகாரிக்கு, உறைபனிக் காயத்தின் முதல் அறிகுறியை அடையாளம் காணத் தெரிந்திருப்பது அலங்காரத் தகுதி ஆகாது. இவ்வகை வகுப்பில் இடம் கிடைத்தால் தயங்காமல் செல்லுங்கள்.

தெளிவாகவே பயன்படாதவையும் உள்ளன. காலாட்படையின் தாக்குதல் உத்திகள், இயந்திரத் துப்பாக்கி, வெடிபொருள் கையாளுதல் போன்றவற்றுக்குக் கேடெட் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. கேடெட்டுகள் சுடுவது விளையாட்டாகக் கருதப்படும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சியாகவே பெரும்பாலும் இருக்கிறது. தேர்ந்த சிலர் மட்டும் ஒட்டாவாவின் கொனோட் சுடுதளத்தில் நடக்கும் தேசிய அளவிலான பயிற்சி வரை செல்கிறார்கள். இதற்கு உதவும் எதையும் பதுங்குகுழியில் இருந்து சுடும் பயிற்சி உங்களுக்குக் கற்றுத் தராது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் நடுவில் இருக்கும் வகுப்புகளில்தான் உள்ளது. அவற்றுள் முதன்மையானது, எல்லாப் படைவீரர்களும் கடந்துவர வேண்டிய அடிப்படைப் படைத் தகுதி வகுப்பு. முழுநேரப் படையினர் இதைப் பெரும்பாலும் கியூபெக்கின் செயின்ட்-ஜீன்-சூர்-ரிஷலியூவில் முடிக்கிறார்கள். ரிசர்வ் படையினருக்கு இது பெரும்பாலும் தம் வட்டாரத்திலேயே தொடர் வார இறுதிகளாகவோ கோடைக்கால முழுநேர வகுப்பாகவோ நடக்கும். இதற்கு அடுத்த படியிலுள்ள அதிகாரி வகுப்புகளும், இளநிலைத் தலைமைத்துவ வகுப்பும் இதே நடுப்பகுதியைச் சேர்ந்தவைதான்.

அடிப்படை வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்று சொல்பவர்களின் வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அணிநடைக் கட்டளையைக் கொடுப்பவர், ஒருகாலத்தில் அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நின்றவராகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். படையின் வழக்கங்களைக் கற்பிப்பவர் அவற்றுக்குள் சில வாரங்களாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். தரைப்படைக் கேடெட் பிரிவு ஒவ்வொன்றும் பொதுவாக ஒரு ரிசர்வ் படையணியோடு இணைக்கப்பட்டு அதன் சின்னத்தையே அணிகிறது. ரொறன்ரோவின் மாஸ் பார்க் ஆர்மரி போன்ற இடங்களில் பெரியவர்களின் படையணி கூடும் அதே கட்டடத்தில் பிள்ளைகளும் கூடுவது கனடாவில் வழக்கமான காட்சி. அங்கே பணிபுரிவோரின் மொழியும் உழைப்பும் தெரிந்த கேடெட் அதிகாரிக்கு அறை, வாகனம், வழிகாட்டி எதுவும் எளிதாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. களைப்பிலும் தூக்கமின்மையிலும் தன் குணம் எப்படி மாறுகிறது என்று அறிந்த ஒருவர், முகாமின் மூன்றாம் நாளில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவதற்கு முன் தன்னைத் தடுத்துக்கொள்வார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படும் வாதம் இதுதான்.

ஆனால் அந்த வகுப்பு யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. தாமாக முன்வந்து கையொப்பமிட்ட பெரியவர்களை, அழுத்தத்தின் கீழும் கட்டளைக்கு இணங்கிச் செயல்படுபவர்களாக மாற்றுவதே அதன் நோக்கம். அதற்காகவே நேர நெருக்கடி உண்டாக்கப்படுகிறது, குரல் உயர்த்தப்படுகிறது, ஒருவர் பிழைக்குக் குழுவே பொறுப்பேற்க வைக்கப்படுகிறது. பெரியவர்களிடத்தில் இம்முறைக்கு ஒரு நியாயம் இருக்கலாம். அதையே பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் செய்தால் அது துன்புறுத்தல்; கேடெட் அமைப்பின் விதிகளும் அதை அப்படித்தான் பார்க்கின்றன. மனிதர்கள் தாங்கள் கற்பிக்கப்பட்ட விதத்திலேயே கற்பிக்கிறார்கள். கற்பித்தல் பயிற்சி ஆழமாக வேரூன்றாத இருபத்திரண்டு வயது அதிகாரி ஒருவர், ஒரு கோடை முழுவதும் அந்தச் சூழலில் இருந்துவிட்டு வந்தால், செப்டெம்பரில் அவருடைய குரல் மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அடிப்படை வகுப்பைப் பொறுத்தவரை என் கருத்து இது: குறைந்தது இரண்டு முழுப் பயிற்சி ஆண்டுகள் பிள்ளைகளோடு பணிபுரிந்து, அவர்களோடு பேசும் உங்கள் சொந்த முறை நிலைபெற்றபின் செல்லுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

காலம் பற்றிய தடையும் உண்டு. ரிசர்வ் படையின் பெரிய வகுப்புகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கின்றன. ஒன்ராறியோவில் அதே மாதங்களில்தான் போர்டன் தளத்திலுள்ள பிளாக்டவுன் போன்ற கோடைக்காலக் கேடெட் பயிற்சி நிலையங்களுக்கு அதிகாரிகள் மிக அதிகமாகத் தேவைப்படுகிறார்கள். நீங்கள் ஒன்ராறியோவின் மீஃபர்ட் படைப் பயிற்சி மையத்தில் வகுப்பில் இருக்கும் நாட்களில் பிளாக்டவுனில் ஒரு குழுவுக்கு அதிகாரி இல்லாமல் போகலாம். இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1974-இல் வால்கார்டியே முகாமில் நடந்தது

இந்தக் கேள்வியைப் பேசும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1974 ஜூலை 30 அன்று கியூபெக்கின் வால்கார்டியே படைத்தளத்தில் நடந்த கோடைக்காலக் கேடெட் முகாமில், வெடிபொருள் பாதுகாப்பு பற்றிய பாடம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. காட்சிக்காகக் கொண்டுவரப்பட்ட வெற்றுக் கைக்குண்டுகளோடு உண்மையான குண்டு ஒன்றும் கலந்திருந்தது. அது வெடித்ததில் ஆறு கேடெட்டுகள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். உயிர் தப்பியவர்கள் படைவீரர்களாக இல்லாமல் பொதுமக்களாக இருந்ததால், படைவீரர்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்புத் துறையின் குறைகேள் அதிகாரி 2015-இல் இதை விசாரித்து அறிக்கை வெளியிட்ட பின்னரே, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த நிலையில், அவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வழி பிறந்தது.

இந்த நிகழ்ச்சியை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வெடிபொருள் பற்றி நன்கு பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாக இருந்திருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது ஒரு தரப்பு. பிள்ளைகளின் அறைக்குள் அந்தப் பொருளே வந்திருக்கக்கூடாது என்பது மற்றத் தரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கம் நிற்கிறேன். அந்தப் பாடம் நடந்தது ஒரு படைத்தளத்தில். வெடிபொருள் அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. கேள்வி கேட்கவும் மறுத்து எழுந்து போகவும் துணியாத வயதுப் பிள்ளைகள் கேட்போராக இருக்கும்போது, எது கற்பிக்கத் தகும் என்ற வரம்பைக் காக்கும் பொறுப்பு முழுவதும் பெரியவர்களிடம் இருக்கிறது. ரிசர்வ் படையின் வகுப்புக்குச் சென்று திரும்பும் நீங்கள், புதிதாகக் கற்ற எதையும் பிள்ளைகளின் முன் வைப்பதற்கு முன் அந்த வரம்பை நினைக்க வேண்டும்.

மரியாதைக்காகச் செல்ல வேண்டாம்

பலர் வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ரிசர்வ் படையினர் சிலர் கேடெட் அதிகாரிகளை உண்மையான அதிகாரிகளாக மதிப்பதில்லை. தோளில் அதே பதவிச் சின்னம் இருந்தும், உணவு மண்டபத்தில் ஒரு புன்னகையோ சலிப்பான ஒரு வணக்கமோ வேறுபாட்டைக் காட்டிவிடும். அந்த மனக்காயம் உண்மையானது. அதை அனுபவிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஆற்றுவதற்காக ஒரு வகுப்புக்குச் செல்வது பயன் தராது. அடிப்படை வகுப்பை முடித்தபின் களப்பயிற்சியை முடித்தீர்களா என்பார்கள். அதையும் முடித்தபின் களப்பணிக்குப் போனீர்களா என்பார்கள். அந்த ஏணிக்கு முடிவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாகக் காட்டுக்குக் கூட்டிச்சென்று, ஞாயிறு மாலை நாற்பது பேரையும் பெற்றோரிடம் ஒப்படைப்பது கடினமான, தனித்திறன் வேண்டும் தொழில். அத்தொழிலில் தேர்ந்திருப்பதே உங்களுக்கு உரிய மரியாதைக்கு அடிப்படை. இதைப் புரிந்துகொண்ட ரிசர்வ் படை சார்ஜென்ட்டுகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் தாங்களே முன்னாள் கேடெட்டுகள்.

பெற்றோர் கேட்பார்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கேடெட் பிரிவுகளில் சேரும்போது, பெற்றோரிடமிருந்து வரும் கேள்வி ஏனைய சமூகங்களின் கேள்வியைவிடக் கனமானது. போரைக் கண்ணால் கண்டு, சீருடை அணிந்தவர்களை அஞ்சி வாழ்ந்து, பிள்ளைகளையும் உறவுகளையும் இழந்து இங்கு வந்தவர்களிடம் "இது படை இல்லை" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. அதை மதித்துப் பேசுவது அதிகாரியின் கடமை.

நீங்கள் ரிசர்வ் வகுப்புக்குச் சென்றுவந்த செய்தி பிள்ளைகள் வழியாக வீட்டுக்குப் போகும். போகும்போது அது பெரிதாகிவிடும். ஆகையால் பெற்றோர் கூட்டத்தில் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். என்ன வகுப்பு, எத்தனை நாட்கள், அதில் எந்தப் பகுதியைப் பிள்ளைகளின் பயிற்சிக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், எந்தப் பகுதியைப் பயன்படுத்தவே மாட்டீர்கள் என்று தமிழிலேயே விளக்குங்கள். "குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளப் படித்துவிட்டு வந்திருக்கிறேன், அம்மா" என்று சொல்ல முடிந்தால், அந்தத் தாய் அடுத்த முகாமுக்குக் கையொப்பமிடுவார். அப்படி ஒரு வாக்கியம் உங்களிடம் இல்லையென்றால், தொடக்கத்தில் நான் கேட்கச் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் உங்களிடம் இல்லை என்றே பொருள்.

விண்ணப்பிக்கும் முறை

ரிசர்வ் படை வகுப்புகளில் இடங்கள் குறைவு; தம் பணிக்கு அத்தகுதி கட்டாயமாகத் தேவைப்படும் முதன்மை ரிசர்வ் படையினருக்கே முன்னுரிமை. ஆகவே உங்கள் விண்ணப்பம் கட்டளை அதிகாரி வழியாக வட்டாரக் கேடெட் ஆதரவுப் பிரிவுக்குச் சென்று, அங்கிருந்து எழுத்து மூலமான ஒப்புதலோடு வர வேண்டும். இணைந்த படையணியில் தெரிந்த ஒருவர் "இந்த வார இறுதியில் வாருங்கள், பின்வரிசையில் நின்றுகொள்ளுங்கள்" என்று அன்போடு அழைக்கலாம். ஒப்புதல் இல்லாமல் போகாதீர்கள். பணியில் இருந்தீர்கள் என்பதற்கான பதிவு இல்லாத நாளில் கால் முறிந்தால், இழப்பீடும் சிகிச்சையும் பெரும் சிக்கலாகிவிடும்.

விண்ணப்பக் கடிதத்தில் உங்கள் தனிப்பட்ட ஆர்வத்தைப் பற்றி ஒரு வரியும், பிரிவின் தேவையைப் பற்றி ஒரு பத்தியும் எழுதுங்கள். சென்ற ஆண்டு இரத்தான பயிற்சி எது, இந்தத் தகுதி இருந்தால் அது எந்த மாதத்தில் நடக்கும், நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் பொறுப்பை யார் ஏற்பார் என்பவை அதில் இருக்கட்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டளை அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான்.

சம்பளத்தைப் பற்றித் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பகுதிநேரப் பணி ஏ வகுப்புச் சேவையாகவும், நீண்ட முழுநேரப் பயிற்சி பி வகுப்புச் சேவையாகவும் கணக்கிடப்படுகின்றன. ஏ வகுப்பு நாட்களுக்கு உங்கள் பிரிவில் ஆண்டு வரம்பு உண்டு. பயிற்சி வகுப்புக்கான நாட்கள் அந்த வரம்பிலிருந்து கழிக்கப்பட்டால், பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டிய நாட்கள் குறைந்துவிடும். வேலையிடத்து விடுப்பைப் பொறுத்தவரை, ரிசர்வ் படையினருக்கான விடுப்புச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். உங்கள் உட்பிரிவுக்கும் நீங்கள் செல்லும் வகுப்புக்கும் அது பொருந்துமா என்று முதலாளியிடம் பேசுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உடல்தகுதியையும் தள்ளிப்போட வேண்டாம். முதன்மை ரிசர்வ் படையினர் ஆண்டுதோறும் செய்யும் உடல்தகுதிச் சோதனையில் நான்கு பகுதிகள் உள்ளன. பத்து மீட்டருக்கு ஒருமுறை தரையில் படுத்தெழுந்து விரைந்து ஓடுவதை 51 விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும். 20 கிலோ மணல்மூட்டையை 3 நிமிடம் 30 விநாடிகளுக்குள் 30 முறை தூக்க வேண்டும். சுமையோடும் சுமையின்றியும் மாறிமாறி நடப்பதை 5 நிமிடம் 21 விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும். இறுதியாக மணல்மூட்டைகளை 20 மீட்டர் தூரம் நிற்காமல் இழுக்க வேண்டும். உங்களுக்கு இது கட்டாயம் இல்லாவிட்டாலும், களத்தில் நடக்கும் வகுப்புக்குச் செல்வதற்கு முன் உடற்பயிற்சிக் கூடத்தில் இவற்றைச் செய்து பாருங்கள். செய்ய முடியாமல் திணறினால், மூன்று மாதங்கள் கழித்து விண்ணப்பியுங்கள். மற்றவர்களின் பயிற்சியை உங்களுக்காக நிறுத்த வைப்பது நல்லதல்ல.

வகுப்பில் இருக்கும்போது

நீங்கள் கேப்டனாக இருக்கலாம். உங்களுக்குக் கற்பிப்பவர் இருபத்து மூன்று வயது மாஸ்டர் கார்ப்பரலாக இருக்கலாம். வகுப்பறையிலும் களத்திலும் அவர் சொல்வதே சட்டம். முதல் நாளிலேயே இதை உங்கள் நடத்தையால் தெளிவுபடுத்திவிடுங்கள். உங்கள் பதவிநிலையைக் குறித்து அவருக்குச் சங்கடம் இருப்பதாகத் தெரிந்தால், தனியே சென்று, "இங்கே நான் மாணவன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

நாள்தோறும் இரவில் குறிப்பேட்டை இரு பகுதிகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பகுதியில் பாடப்பொருள்: பனிப்படுக்கை அமைக்கும் முறை, ஈரக் காலுறையை மாற்றும் ஒழுங்கு, வரைபடத்தில் பின்னோக்குத் திசை கணிக்கும் வழி போன்றவை. மறுபகுதியில் கற்பித்த விதம்: எது உங்களுக்கு எளிதாகப் புரிந்தது, எது அச்சத்தால் மட்டும் மனத்தில் நின்றது என்பவை. முதற்பகுதியில் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகலாம். இரண்டாம் பகுதியில் அச்சத்தால் நின்றவற்றை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படையின் பண்பாட்டைப் பற்றியும் கண்களை மூடிக்கொள்ள முடியாது. கனடிய ஆயுதப் படைகளுக்குள் பெண்களையும் பாலினச் சிறுபான்மையினரையும் இழிவுபடுத்தும் பாலியல்மயமான சூழல் நிலவுவதாக 2015-இல் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி மரீ டெஷாம்ப் தம் அறிக்கையில் எழுதினார். 2022-இல் மற்றொரு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயீஸ் ஆர்பர், பாலியல் முறைகேடுகளைக் கையாளும் முறையில் ஆழமான மாற்றங்களைப் பரிந்துரைத்தார். அதன்பின் மாற்றங்கள் நடந்துவருகின்றன. நல்ல பயிற்றுநர்கள் பலர் அதற்காக உழைக்கிறார்கள். ஆயினும் படுக்கைக் கூடத்தின் கொச்சைப் பேச்சும் கிண்டலும் எங்கேனும் காதில் விழலாம். பிள்ளைகளோடு பணிபுரிய உங்களுக்குக் காவல்துறைச் சான்றும் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயமாக்கப்பட்டிருப்பதன் காரணத்தை அப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கலந்துகொள்ளாதீர்கள். வரம்பு மீறியதாக இருந்தால் முறையிடுங்கள்.

திரும்பியபின்

சான்றிதழ் கிடைத்ததும் அதைப் பிள்ளைகளிடம் பயன்படுத்தும் அதிகாரமும் கிடைத்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அவ்வாறில்லை. ரிசர்வ் படையின் தகுதி உங்களிடம் இருப்பதும், கேடெட்டுகளுக்கான நடவடிக்கையாக அது அனுமதிக்கப்பட்டிருப்பதும் இரு வேறு விடயங்கள். படையணியின் சுடுதளத்தை நடத்தத் தகுதி பெற்றவர் என்பதால் கேடெட்டுகளை அங்கே கூட்டிச்செல்ல முடியாது. புதிய நடவடிக்கை ஒவ்வொன்றுக்கும் கேடெட் அமைப்பின் விதிகளில் இடம் உண்டா என்று பார்த்து, ஆபத்து மதிப்பீடு எழுதி, வட்டார ஒப்புதல் பெற்றபின்தான் தொடங்க வேண்டும்.

வந்த முதல் மாதத்திலேயே உங்கள் சக அதிகாரிகளுக்கு ஒரு மாலைப் பொழுதில் கற்றவற்றைச் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் மட்டும் அறிந்த திறமை, அவர் வேலை மாறி வேறு நகருக்குப் போனால் பிரிவை விட்டுப் போய்விடும்.

வேறு வழிகளும் உண்டு

நீங்கள் தேடுவது காட்டுப்பகுதி முதலுதவி என்றால், பொதுமக்களுக்காக நடத்தப்படும் சுமார் 80 மணி நேர வகுப்புகள் கனடா முழுவதும் உள்ளன. மருத்துவமனை தொலைவில் இருக்கும் இடத்தில் பிள்ளைகளைக் கவனிப்பதற்கு அவை பெரும்பாலும் படையின் வகுப்பைவிடப் பொருத்தமானவை. துடுப்புப் படகு, பாய்மரப் படகு ஆகியவற்றுக்கு அந்தந்த விளையாட்டு அமைப்புகளின் சான்றிதழ்கள் இருக்கின்றன. இளைஞர்களோடு பேசும் திறன், மனநல முதலுதவி ஆகியவற்றுக்கும் பொதுப் பயிற்சிகள் உள்ளன. என்னிடம் ஒரு வார இறுதியை மட்டும் கொடுத்து எதற்குச் செல்வாய் என்று கேட்டால், நான் மனநல முதலுதவியையே தேர்ந்தெடுப்பேன். இன்றைய பதின்வயதினரோடு பணிபுரிபவருக்கு அதைவிட அடிக்கடி தேவைப்படும் திறன் வேறில்லை.

நீங்கள் போகாமல் அவர்களை வரவழைக்கும் வழியும் உண்டு. இணைந்த படையணியிலிருந்து வரைபடமோ குளிர்கால வாழ்வோ நன்கறிந்த ஒருவரை, உங்கள் மேற்பார்வையில், உரிய அனுமதியோடு ஒரு மாலைக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கு அது பெருமகிழ்ச்சி. உங்களுக்கு ஒரு கோடைக்காலம் மிச்சம்.

இவை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின்னும் உங்கள் உள்ளம் பிள்ளைகளின் பயிற்சியைவிடப் படைவாழ்வையே நாடுகிறது என்று தெரிந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது வகுப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்காமல், முதன்மை ரிசர்வுக்கு மாற்றம் கேளுங்கள். மருத்துவப் பரிசோதனை, உடல்தகுதிச் சோதனை, புதிய தொழிலுக்கான முழுப் பயிற்சி ஆகியவை அதில் வரும். உங்கள் பதவிநிலை அப்படியே தொடரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மாற்ற நடைமுறை முடியப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், கட்டளை அதிகாரியிடம் வசந்த காலத்திலேயே சொல்லிவிடுங்கள். செப்டெம்பரில் பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் உங்கள் இடத்துக்கு ஒருவரைத் தேடிப் பயிற்றுவிக்க அவருக்கு நேரம் வேண்டும்.